சந்தனம் பட்ட கடிதம்

மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய கோப்பை இன்று வெளியே எடுத்தேன். பிளாஸ்டிக் உறையைத் திறந்ததும் சந்தன வாசனை வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அது போகவில்லை. நீ இருந்திருந்தால், "இன்னுமா வாசம் அடிக்குது? நல்ல சந்தனம்தான் லா" என்று இந்த ஊர் 'லா'வையும் சேர்த்துப் போட்டுச் சிரித்திருப்பாய்.

எங்கள் வீட்டில் ஓர் அறையை ஒரு நர்ஸ் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நேற்று அவள் என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றாள். ஊரில் இருக்கும் கணவனுக்கு விசா போட வேண்டுமாம். வேலைக் கடிதத்தை மருத்துவமனையில் கொடுத்துவிட்டார்களாம். தங்கும் இடத்துக்கான கடிதத்தை நான் தர வேண்டும். "அவங்களும் இங்கயே தங்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்க்கா" என்றாள். அவள் நின்ற மாதிரியேதான் நானும் ஒரு நாள் உன் முன்னால் நின்றேன். அந்த மாதிரிக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று பார்க்கத்தான் இந்தக் கோப்பைத் தேடினேன்.

உட்லண்ட்ஸ் வீட்டுக்கு நீ கொடுத்திருந்த விளம்பரத்தில் 'பெண்களுக்கு மட்டும்' என்று போட்டிருந்தாய். நீ, உன் அம்மா, வாடகைக்கு வந்த நான், அவ்வளவுதான் வீடு. அம்மா தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நீ வேலைவிட்டு வந்ததும் நைட்டிக்கு மாறி சோபாவில் காலை நீட்டிவிடுவாய். ஒரு கல்யாணத்தைச் செய்து பார்த்துவிட்டு, போதும் சாமி என்று கும்பிடு போட்டுவிட்டு வந்தவள் நீ. ஆண் நடமாட்டம் இல்லாத அந்த வீடு உனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் திருச்சியில் என் கல்யாணம் முடிந்து திரும்பிய பிறகும், அவரையும் இங்கே தங்கவைக்கலாமா என்று உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. லிட்டில் இந்தியாவில் கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் 'அறை வாடகைக்கு' காகிதங்களையெல்லாம் படித்தேன். புருஷன் பெண்டாட்டிக்கு அறை கொடுக்கிறவர்களே குறைவு. கொடுக்கிறவர்களும் சமையல் கூடாது என்றார்கள். உன் கடிதம் கிடைக்காவிட்டால் அவர் அங்கே, நான் இங்கே, போனில்தான் குடும்பம் என்று ஆகிவிடும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன். நீ டீயை மெதுவாகக் குடித்து முடித்தாய். "ஆறு மாசம் தரேன். அதுக்குள்ள வேற வீடு பாத்துக்கணும். தப்பா நினைச்சுக்காத லா, எனக்கு இந்த வீடு இப்படியே இருக்கணும்" என்றாய். நான் தப்பாக நினைக்கவில்லை. நீ தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தில் 'ஆறு மாதங்களுக்கு மட்டும்' என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அன்று இரவு எனக்குச் சந்தோஷம் பாதி, கவலை பாதி.

அதன் பிறகு நடந்த கூத்துக்கு நான்தான் காரணம். தஞ்சோங் பகாரில் என் அலுவலகத்தில் வாங்கிய வேலைக் கடிதத்தையும் உன் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போனேன். சாமி பாதத்தில் வைத்து எடுத்துவந்து, அப்புறம் ஸ்கேன் செய்து அனுப்புவதாகத் திட்டம். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் அருள் உள்ளே போகுமா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது எனக்கு. காகிதங்களை வெளியே எடுத்து வெறுமனே தட்டில் வைத்தேன். ஐயர் நல்ல மனிதர், கஞ்சத்தனம் இல்லாதவர். அபிஷேகம் முடிந்த ஈரக் கையோடு, ஒரு கடிதத்துக்கு ஒரு பொட்டு என்று தாராளமாகச் சந்தனம் வைத்துக் கொடுத்தார். அலுவலகக் கடிதத்தில் அது கையெழுத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. உன் கடிதத்தில் 'ஆறு மாதங்களுக்கு மட்டும்' முழுவதும் மறைந்துபோனது.

வீட்டுக்கு வந்து உன்னிடம் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ இரண்டு காகிதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய்.

"ஸ்கேன் பண்ணிட்டுச் சாமிகிட்ட கொண்டுபோனா என்ன?"

"அனுப்புறதுக்கு முன்னாடிதானே வைக்கணும்?"

"காப்பி எடுத்து வைக்கலாம்ல?"

"காப்பிய எப்படி சாமிகிட்ட வைக்கிறது?"

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மாவும் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்த பிறகு, "உன் புருஷனுக்குப் போன் போடு. எதுக்காக இவ்வளவு பாடுன்னு நானும் பாக்குறேன்" என்றாய். அதுவரை அவர் முகத்தைக்கூட நீ பார்த்ததில்லை.

வீடியோவில் என் கணவர் உன்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். நீ நேர்முகத் தேர்வு வைக்கிற அதிகாரி மாதிரி ஆரம்பித்தாய்.

"சமைக்கத் தெரியுமா?"

"ரசம் நல்லா வைப்பேங்க மேடம். மத்ததெல்லாம் சுமார்தான்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மிளகு தட்டிப் போடுவீங்களா, பொடியாப் போடுவீங்களா?"

"தட்டித்தாங்கம்மா. பொடி போட்டா வாசமே வராதுங்க."

அம்மா உன்னைப் பார்த்து, "வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் இன்னொரு கடிதம் கேட்கக் கூசிக்கொண்டே போனேன். மனிதவளப் பிரிவிலிருந்த சீனப் பெண்மணி காகிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, எந்தக் கோயில் என்று கேட்டார். தானும் அங்கே போவதுண்டாம். சாயங்காலத்துக்குள் புதுக் கடிதம் கொடுத்தார். நான் வீடு திரும்பியபோது உன் புதுக் கடிதமும் மேசையில் இருந்தது. அதில் காலக்கெடுவே இல்லை. மறந்துவிட்டாயோ என்று நினைத்து, "எத்தனை மாசம்னு போடலையே" என்றேன். "போடல. இருக்கிற வரைக்கும் இருங்க" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நீ அதற்கெல்லாம் இடம் கொடுக்கிற ஆள் இல்லை என்பதால் பேசாமல் போய் உனக்கும் சேர்த்து டீ போட்டேன்.

அந்த வீட்டில் நாங்கள் பல வருடம் இருந்தோம். நீ கடைசிவரை அவருக்கு முன்னால் நைட்டியோடு சோபாவில் காலை நீட்டவில்லை. ஆனால் அவர் வேலையிலிருந்து வரத் தாமதமானால் முதலில் போன் அடிக்கிறவள் நீதான். பிறகு நாங்கள் பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கில் வீடு வாங்கியபோது, வேண்டுமென்றே இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். உனக்கு உடம்பு முடியாமல் போய் வேறெதுவும் இறங்காத நாட்களில், அவர் காலையில் எழுந்து மிளகு தட்டி ரசம் வைத்து, குழைந்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தார். "அன்னிக்கு அந்த ஐயர் சந்தனம் வைக்கலைன்னா இந்த ரசம் எனக்குக் கிடைச்சிருக்காது" என்றாய். அப்போதும் நீதான் சிரித்தாய். எங்களால் முடியவில்லை.

நீ போன பிறகு அம்மாவை எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். எத்தனை நாளைக்கு என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. நன்றாக இருக்கிறார். இப்போதும் தலைக்குக் குளித்தால் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கூடத்தில்தான் உட்காருகிறார். என் கணவரிடம் "மிளகு பத்தல" என்று தினமும் குறை சொல்கிறார். உன்னைப் பற்றிப் பேசும்போது அழுகிறதும் இல்லை. நீ நேற்றுத்தான் வேலைக்குப் போனவள் போலப் பேசுகிறார்.

நர்ஸ் பெண்ணுக்கான கடிதத்தை இன்று மாலை எழுதி முடித்தேன். உன் இரண்டாவது கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, முதல் வேலையாக ஸ்கேன் செய்தேன். அந்த அளவுக்கு நானும் தேறிவிட்டேன். பிறகு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனை மாசம்னு போட்டிருக்க?"

"போடலைம்மா."

தலையை ஆட்டிவிட்டுக் கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. அந்தப் பையனுக்கு ரசம் வைக்கத் தெரியுமான்னு கேட்டியா?"