நாலு போர்ஷன் வீடும் எங்கள் பங்கும்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். ஆடி ஒருவழியாக முடிந்தது. ஆடியில் வீட்டுப் பேச்சே எடுக்கக்கூடாது என்று மாமியார் சொன்னதால் பேங்க் பக்கமே போகவில்லை. ஒரு மாதம் வீண். அக்ரிமென்ட் கெடு 30-ஆம் தேதி.

சூரமங்கலம் வீடு. மேலே இரண்டு போர்ஷன், கீழே இரண்டு. விலை 60 லட்சம். பேங்க் முக்கால் பங்கு தரும், 45. எங்கள் பங்கு 15:

கொடுத்த அட்வான்ஸ் – 3
சேமிப்பு – 8.80
குடித்தனக்காரர்கள் நாலு பேர் கொடுத்து வைத்த அட்வான்ஸ் – 3.20 (விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர்)

சரியாக 15. பத்திரச் செலவுக்கு என் நகை. நாளை மருந்துக்கடைக்கு அரை நாள் லீவு.

ஆக. 19, செவ்வாய்

மேனேஜர் பொறுமையாகத்தான் சொன்னார். "குடியிருக்கிறவங்க அட்வான்ஸ் உங்க பணம் இல்லைங்க மேடம். காலி பண்றப்ப நீங்கதான் திருப்பித் தரணும். பதினஞ்சும் உங்க பணமாக் காட்டுனாத்தான் லோன். அதுவும் சார் சம்பளத்தை வெச்சுத்தான். மூணு மாச சிலிப் வேணும்."

பழைய வாடகை வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸைச் சண்டை போட்டு வாங்கியவள் நான். கடையில் நாள் முழுக்க பில் போடுகிறவள். எப்படி உறைக்காமல் போயிற்று? பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

இவர் போன். ராய்ப்பூர் பக்கம் போர்வெல் போடுகிறார்கள், பின்னால் ரிக் வண்டி இரைச்சல்.

"பேங்க்ல என்னங்கறாங்க?"

"எல்லாம் நல்லபடியாத்தான் இருக்குதுங்க."

ஒரு காது மந்தமாகிவிட்ட மனிதரிடம் கத்தி எதைச் சொல்ல? சாக்குதான். பயம்.

20, புதன்

வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். ரிட்டையர் ஆன ரயில்வேக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"அக்ரிமென்ட்டுல இருக்கறதுதானுங்க. ஆத்தூர் ஜவ்வரிசி மில்லுக்காரரு முழுப் பணத்தோட காத்திருக்காருங்க."

தவறினால் மூன்று லட்சம் திரும்பாது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

து. பருப்பு, சோப்பு, கேஸ் புக் செய்ய.

22, வெள்ளி

திருச்செங்கோட்டில் தங்கச்சி வீடு. சொல்லி முடிப்பதற்குள் பீரோவைத் திறந்துவிட்டாள்.

"இத வித்துக்கக்கா. மெதுவாக் குடு. மச்சாங்கிட்ட நான் மூச்சு உடமாட்டேன்."

ஆரமும் நாலு வளையலும். 3.20 தேறிவிடும். பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதேன். பயம் போகவில்லை, கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது.

24, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை. நாளை பேங்க், சிலிப் மூன்றும் அனுப்பச் சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதே இவர் போன். ரிக் இரைச்சலே இல்லை.

"ஸ்டேசன்ல இருக்கறேன் கலா. நீ எல்லாம் நல்லபடியா இருக்குதுன்னயல்ல, வேலைய உட்டு நின்னுக்கறேன்னு மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன். வாங்குன முன்பணத்துக்கும் சம்பளத்துக்கும் நேராப் போச்சு. நாலு போர்ஷன் வாடகை லோன் தவணைக்கு ஆகும், இங்கயே ஏதாச்சும் வேலை பாத்துக்கலாம். பத்தொம்பது வருசம் போதும் சாமி. நாளன்னிக்கு ஊட்டுக்கு வாரேன்."

சிரித்தார். இவர் இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை வருஷம்.

பார்த்து வாங்க என்றேன்.