தாய்மாமன் கம்மல்

ஊரப்பாக்கம்
10.8.2025

அன்புத் தம்பி ரஞ்சித்துக்கு,

அக்கா எழுதறேன். நீயும் உன் பொண்டாட்டி அன்பரசியும் சுகமா? போன்ல பேச முடியாத விஷயம்டா, அதான் கடுதாசி. வூட்ல உன் மச்சான் பக்கத்துலயே இருக்கார். உன் மீன்பிடி போட்டுக்கு எஞ்சின் வாங்க நான் என் கிரெடிட் கார்டைக் குடுத்தது அவருக்கு இன்னும் தெரியாது. நீயும் பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்கே போடு.

ஒரு லட்சத்து இருபதாயிரம் அப்படியே நிக்குது. மாசா மாசம் குறைஞ்சபட்சம் கட்டினா போதும்னு நீ ஆறாயிரம் அனுப்பற. அதுல நாலாயிரத்துக்கு மேல வட்டிக்கே போயிடுது. இப்படிக் கட்டிகினு இருந்தா எஞ்சின் துருப்பிடிச்சாலும் கடன் தீராது.

எங்க ஆபீஸ்ல ஜெனிட்டா ஒரு வழி சொன்னா. வேற பேங்க்ல புதுசா ஒரு கார்டு வாங்கி, பழைய கார்டு பாக்கியை அதுக்கு மாத்திக்கலாமாம். மாத்தறதுக்கு ஒரு தடவை ஃபீஸ் பிடிப்பாங்க, அப்புறம் ஆறு மாசத்துக்கு வட்டி கிடையாது. நான் மாத்திட்டேன். செப்டம்பர்லேந்து நீ மாசம் இருபதாயிரம் அனுப்பினா பிப்ரவரியோட தலைமுழுகிடலாம். நடுவுல ஒரு மாசம் தவறினாலும் சலுகை போயிடும், பழையபடி வட்டி ஏறும். அப்ப மச்சான்கிட்ட மறைக்க முடியாது.

இப்ப பழைய கார்டு பாக்கியில்லாம காலியா கீது. அதான் எனக்கு பயம். ஜெனிட்டா இப்படித்தான் காலியான கார்டையும் தேய்ச்சு ரெண்டு பக்கமும் மாட்டிக்கினாளாம். உன் கைல இருக்கற அந்தக் கார்டை, இது கிடைச்ச அன்னைக்கே வெட்டிப் போட்டுடு. மறக்காத.

உன் அக்கா,
ரேணுகா

தேவனேரி
18.8.2025

அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கிறது. நாங்க நல்லா கீறோம். உன் கடுதாசிய ரெண்டு வாட்டி படிச்சேன். மொத வாட்டி ஒண்ணும் புரியல, ரெண்டாவது வாட்டிதான் கணக்கு வெளங்கிச்சு. என்னால நீ வூட்டுக்காரருக்கு பயந்துகினு கீறியேன்னு பேஜாரா கீது.

இருபதாயிரம் நான் அனுப்பறேன். இப்ப வஞ்சிரம் நல்லா விழுது. மாமல்லபுரம் ஓட்டல்காரங்க கரைக்கே வந்து எடுத்துகினு போறாங்கோ. கார்டை அன்பரசியோட கத்திரில நாலா வெட்டி குப்பைல போட்டுட்டேன். அந்தக் கவலைய விடு.

நம்ம பாப்பா வைஷாலிக்கு எப்ப காது குத்தறீங்கோ? நாள் மட்டும் பாத்து சொல்லு. என் மடில வெச்சுதான் குத்தணும்.

தம்பி,
ரஞ்சித்

ஊரப்பாக்கம்
12.1.2026

அன்புத் தம்பிக்கு,

கோவமாதான் எழுதறேன், சொல்லிட்டேன். நவம்பர்ல புயல்னு உன் போட்டு கரையிலயே கெடந்துது. சரி, கடல்மேல நான் கோவப்பட முடியுமா? சீட்டைத் தள்ளி எடுத்து அந்த மாசத்தை நானே கட்டினேன். டிசம்பர்ல நீ பாதிதான் அனுப்பின. மீதிக்கு ஸ்கூல் ஃபீஸ்னு மச்சான்கிட்ட வாங்கினேன். அவர் ஒரு வார்த்தை கேக்காம எடுத்துக் குடுத்தார். அன்னைக்கு எனக்கு சோறு எறங்கல. இன்னும் ரெண்டு மாசம்தான். தயவு செஞ்சு காப்பாத்து.

தைப்பூசத்தன்னைக்கு வைஷாலிக்கு காது குத்தறோம். உன் மடிலதான். ஆனா சீர்னு நீ ஒண்ணும் வாங்காத. நான் ஒரு கவரிங் கம்மல் வாங்கி முன்கூட்டியே உன்கிட்ட குடுத்துடறேன், நீ அதைத் தட்டுல வெச்சுகினு வா. யாருக்கும் தெரியப் போறதில்ல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. அந்த ரெண்டு மாசப் பணம்தான்டா எனக்கு நீ செய்யற சீர்.

உன் அக்கா,
ரேணுகா

தேவனேரி
5.2.2026

அக்காவுக்கு,

மண்டபத்துல பாத்தியா? ஒம்போது தட்டு, அரை சவரன் கம்மல். உன் மாமியார் வாயாலயே, தாய்மாமன்னா இப்படி இருக்கணும்னு வந்துது. உன் காதுலயும் விழுந்திருக்கும்.

கவரிங்கை தட்டுல வெச்சுகினு வான்னு எழுதினியே, அதைப் படிச்சதுலேந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. எஞ்சின் கடனுக்கு உன்கிட்ட தலை குனிஞ்சுகினுதான் கீறேன். கொழந்த காதுலயும் குனியணுமா? அதான் தெரிஞ்ச கடைல கடன் சொல்லி வாங்கினேன். மெல்லக் குடுத்துக்கலாம். ஜனவரி பணம் அனுப்பிட்டேன், பிப்ரவரி கொஞ்சம் லேட்டாவும்.

ஆனா நீ ஏங்கா என் மூஞ்சியே பாக்கல? சாப்பிடக்கூட கூப்பிடல. மச்சான்தான் எலை போட்டாரு. நான் இன்னா தப்பு பண்ணேன்? எழுது.

தம்பி,
ரஞ்சித்

ஊரப்பாக்கம்
28.2.2026

ரஞ்சித்துக்கு,

இன்னா தப்புன்னு கேட்டிருக்க. தைப்பூசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பூ கட்டிகினு இருந்தேன். போனுக்கு மெசேஜ் வந்துது. செங்கல்பட்டு நகைக்கடை, அம்பத்தெட்டாயிரம் ரூபாய். நாலா வெட்டிப் போட்டுட்டேன்னு எழுதினியே, அந்தக் கார்டு. உன் பேச்சை நம்பி நானும் அதை மூடாம விட்டிருந்தேன்.

மறுநாள் நீ தட்டோட உள்ள வந்தப்ப எல்லாரும் எழுந்து நின்னு பாத்தாங்க. என் காசுல எனக்கே சீர். சிரிச்சுகினே வாங்கி வெச்சேன். வைஷாலி வலில அழுதப்ப நானும் அழுதேன். கொழந்தைக்காக அழறேன்னு நினைச்சாங்க.

கார்டை வெட்டல, கைல வெச்சுகினு கீறேன்னு சொல்லியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன். கடைல கடன் சொன்னேன்னு அப்புறமும் எழுதற பாரு, அது எனக்கு ஆறவே இல்ல.

உன் மச்சான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கார்டு பில்லை வாங்கிப் பாத்தார். அப்புறம், எஞ்சினுக்குன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேன்னார். என்னால அவர் எதிர்ல நிக்க முடியல.

காதுப் புண் ஆறினதும் கம்மலைக் கழட்டி அதே கடைல குடுத்தோம். சேதாரம், கூலின்னு பிடிச்சுகினு மீதியைத் தந்தாங்க. குறைஞ்சதுக்கு அவர் கைக்காசு போட்டார். பழைய கார்டைத் தீர்த்து மூடியாச்சு. பிப்ரவரி தவணையும் அவர்தான் கட்டினார். எஞ்சின் உன்னுதுதான், வந்து யாரும் கேக்க மாட்டோம். நீ இனிமே எனக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேணாம்.

வைஷாலி காதுல இப்ப வேப்பங்குச்சி கீது. கேக்கறவங்ககிட்ட, மாமா போட்ட கம்மல் பீரோவுல பத்திரமா கீதுன்னு சொல்றேன். உன் பேரை நான் எங்கயும் கெடுக்கல. உன் உழைப்புல வந்த காசுல, ஒரு பொட்டுத் தங்கமானாலும் வாங்கிகினு நேர்ல வா. அது வரைக்கும் போன் பண்ணாத, கடுதாசியும் போடாத.

துளை மூடிக்காம நான் பாத்துக்கறேன். குச்சியை அடிக்கடி மாத்திகினு கீறேன்.

ரேணுகா