மூன்றாவது பெட்டியின் பிளக்

மார்ச் 4, புதன்

தலையில் ஷாம்பு நுரையோடு போனை எடுத்தேன். "சர்வர் மறுபடி படுத்துடுச்சும்மா" என்றார் அண்ணன். பாதி அலசிவிட்டு ஓடினேன்.

எங்களுடையது செயற்கைப் பல் செய்யும் லேப். பல் டாக்டர்கள் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாங்கள் கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து, மெஷினில் கடைந்து கொடுப்போம். அத்தனை பேர் வாயும் ஒரே ஒரு கிழட்டு சர்வரில் கிடக்கிறது. அது படுத்தால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இன்று ஒரு வக்கீல் முன்பல் இல்லாமலே கோர்ட்டுக்குப் போனாராம். பாதி வாதம் காற்றாகவே போயிற்று என்று அவருடைய டாக்டர் அழாத குறையாகச் சொன்னார். சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

புது சர்வர் வாங்குவது என்று முடிவானது. முடிவான சூட்டோடு அண்ணியின் தம்பி வந்து நின்றார். அண்ணனுக்கு மச்சான், அண்ணிக்குச் செல்லம், எனக்குத் தலைவலி. பெரிய கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கை பிடித்துக் கொடுப்பது அவர் தொழில்.

"இனிமே எல்லாமே ஹைப்பர்கன்வெர்ஜ்டுதான்" என்றார். சர்வர் தனி, ஸ்டோரேஜ் தனி என்று வைக்காமல் எல்லாம் ஒரே பெட்டிக்குள். அப்படி மூன்று பெட்டி. ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் அதன் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். எரிச்சல் என்னவென்றால், யோசனை சரியான யோசனை. விலையைச் சொன்னதும் அண்ணன் தண்ணீர் கேட்டார்.

கூட்டுக்குடும்பம் என்று அதற்கு மச்சான் பெயரும் வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் டாக்டர் நம்பர் கொடுப்பதோடு சரி.

மார்ச் 12, வியாழன்

மச்சானோடு அந்தப் பெரிய கம்பெனிக்குப் போனோம். கண்ணாடி அறை, நீல விளக்கு, குளிர். டை கட்டியவர் ஒரு மணி நேரம் படம் காட்டினார். "இதுல ஒண்ணோட பிளக்கைப் புடுங்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். மனிதர் பெட்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"அதெல்லாம் தொடக்கூடாது மேடம்."

விழுந்தாலும் ஓடும் என்று இவ்வளவு நேரம் பேசியது யார்?

மார்ச் 14, சனி

பின் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரர் காதில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். அதனால் இங்கே அவர் பெயர் ஸ்க்ரூ. சின்னச் சின்னதாக மூன்று பெட்டி, காசு கேட்காத மென்பொருள், கூப்பிட்டால் தானே வந்து பார்ப்பதாக உறுதி. விலை மச்சான் சொன்னதில் பாதிகூட இல்லை. அதே கேள்வியைக் கேட்டேன்.

"புடுங்குங்க. அதுக்குத்தானே மாட்டி வச்சிருக்கேன்."

பிடுங்கினேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த படம் கொஞ்சம் திக்கியது, பிறகு தன் பாட்டுக்கு ஓடியது. இன்னொன்றையும் பிடுங்கலாமா என்று கை அரித்தது. அவர் கையை நீட்டித் தடுத்தார். "ஒண்ணு போகலாம். ரெண்டு போனா மூணாவது தனியா எதுவும் செய்யாது, எல்லாம் நின்னுடும். ஞாபகம் வச்சுக்குங்க."

மார்ச் 20, வெள்ளி

வீட்டில் ரகளை. "என் தம்பி சொன்னா உங்களுக்கெல்லாம் இளக்காரமா?" என்றார் அண்ணி. அண்ணன் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். நான் சொன்ன பெட்டிகளையே வாங்கலாம். ஆனால் ஜூன் கடைசிக்குள் ஒரே ஒரு தடவை வேலை நின்றாலும் சர்வர் அலமாரிச் சாவி மச்சானிடம் போகும். நான் மறுபடி வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும்.

அந்த மேசையில் எத்தனை வருஷம் "லைன்ல இருங்க" சொன்னேன். இந்த வேலையைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சாவியைத் தரமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 28, சனி

ஸ்க்ரூ வந்து மாட்டினார். அலமாரிக்கு டீ மேசையின் பக்கம்தான் இடம் கிடைத்தது. யூபிஎஸ்ஸில் இரண்டு பெட்டிக்குத்தான் இடம். மூன்றாவதன் ஒயரை வெளியே இழுத்து, தற்காலிகமாகச் சுவர் பிளக்கில் செருகினோம். எச்சரிக்கை மெயில் எல்லாம் தன் போனுக்குத்தான் வர வேண்டும் என்றார் அண்ணன். முதலாளி அவர்தானே.

ஏப்ரல் 17, வெள்ளி

ஓடுகிறது.

மே 22, வெள்ளி

இன்னும் ஓடுகிறது. மச்சான் போனில் விசாரித்தார். குரலில் ஏமாற்றம்.

ஜூன் 26, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கெடு முடிகிறதே என்று மச்சான் வந்திருந்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே, "இதுவரைக்கும் ஒண்ணும் விழலை, அதான் தப்பிச்சீங்க. ஒரு பெட்டி விழுந்தா தெரியும், மலிவு சரக்கோட லட்சணம்" என்றார். அண்ணன் முகம் சுருங்கியது.

சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் குறும்பு தாங்காதே. அவர் பேசப் பேச ஒரு பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, "இப்ப விழுந்துடுச்சு, எதாவது நின்னுச்சா?" என்று கேட்கலாம் என்று எழுந்தேன். அலமாரியைத் திறந்தேன். யூபிஎஸ்ஸில் முதல் பிளக்கைப் பிடித்தேன். இழுக்கப் போகிற நேரத்தில் கண்ணில் பட்டது: மூன்றாவது பெட்டியில் விளக்கே இல்லை.

சுவரைப் பார்த்தேன். அதன் பிளக் தரையில் கிடக்கிறது. அந்த இடத்தில் டீ கெட்டில்.

ஐயோ. இழுத்திருந்தால்? என் கையாலேயே எல்லாவற்றையும் நிறுத்தி, சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்திருப்பேனே. விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"அண்ணி, இந்த கெட்டிலை எப்ப இங்க செருகினீங்க?"

"நேத்து சாயங்காலம். அந்த மூலை பிளக்குல பொறி பறக்குது. தம்பி வேற வர்றான், டீ போட வேணாமா?"

அண்ணன் போனை வாங்கிப் பார்த்தேன். நேற்றிலிருந்து எச்சரிக்கை மெயிலாக வந்து குவிந்திருக்கிறது. "லோன் விளம்பரம்னு நெனச்சேன்" என்றார். நேற்று மாலையிலிருந்து லேப் முழுக்க இரண்டு பெட்டியில் ஓடுகிறது. காலையிலிருந்து கடைந்த பல்லெல்லாம் மேசையில் வரிசையாகச் சிரிக்கிறது. ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மச்சான் பக்கம் திரும்பினேன்.

"ஒரு பெட்டி நேத்தே விழுந்துடுச்சு. அது பிளக்குல போட்ட டீதான் நீங்க குடிக்கிறது. சூடா இருக்கா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருடைய சொந்தப் பல்லே கழன்றுவிடும் போலிருந்தது.

ஜூன் 27, சனி

என் கை எங்கே இருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

மெயில் இனி என் போனுக்கு வரும். சுவர் பிளக்கின் மேல் "டீக்கு அல்ல" என்று எழுதி ஒட்டினேன். அண்ணி என்னோடு பேசவில்லை.

ஜூலை 2, வியாழன்

மச்சான் போன் செய்தார். யாரோ நண்பருக்காம், ஸ்க்ரூவின் நம்பர் வேண்டுமாம். கொடுத்தேன்.

ஜூலை 6, திங்கள்

தலையில் ஷாம்பு. போனில் மெயில்: மூன்றாவது பெட்டியைக் காணவில்லை.

நன்றாக அலசினேன். தலை துவட்டினேன், சீவினேன், நடந்தே லேப்புக்குப் போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணி அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"எனக்கும் சேத்துத்தானே அண்ணி டீ போடறீங்க?" என்று கேட்டேன்.