இருபத்திரண்டாவது பெயர்

ஆஷ்பர்ன், நெப்ராஸ்கா
சனிக்கிழமை, காலை பத்தரை மணி

என் அன்புள்ள மேரிபெத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் என் வழக்கம், இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீயாவது அந்த அலாஸ்காக் கடலில் வேளைக்குச் சாப்பிட்டு, நனைந்த கையுறையை உடனே மாற்றிக்கொண்டு, நன்றாக இரு கண்ணு. மீன்படகில் போன் எடுக்காது என்பதால் துறைமுகத் தபால் நிலையத்துக்கு எழுதுகிறேன். நீ கரையேறி இதைப் பிரிக்கும்போது இங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

இன்று நம் காலேஜுக்கு இந்த சீசனின் முதல் ஃபுட்பால் ஆட்டம். ஆஸ்ட்ராண்டர் இரும்புக்கடையில் வழக்கமான பந்தயம்தான், உனக்குத் தெரியாததா. முதலில் களமிறங்கப் போகிறவர்கள் யார் யார் என்று தாக்குபவர் பதினொன்று, தடுப்பவர் பதினொன்று, ஆக இருபத்திரண்டு பெயர்களை எழுதி வியாழனுக்குள் உறையை ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும், ஆட்டத்தன்று காலை பிரித்துச் சுவரில் குத்துவார்கள். அதிகம் தப்பாக எழுதியவன் எதிரிக் காலேஜின் தொப்பியை ஒரு வாரம் போட்டுக்கொண்டு அலைய வேண்டும். நான் மூன்று முறை இருபத்தொன்று வரை வந்திருக்கிறேன், முழுதாக ஒருமுறையும் இல்லை. இந்த ஆண்கள் பயிற்சியில் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பேன், யார் பக்கத்தில் யார் நிற்கிறான், பயிற்சியாளர் யாரைப் பெயர் சொல்லாமல் கையால் கூப்பிடுகிறார் என்று. இந்த வருஷம் உன் தம்பி டேனருக்கு வரிசையின் இடது ஓரம், பந்தெறிகிறவனைக் காக்கும் இடம். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கடைசி வருஷத்தில்தான் அது கிடைத்தது. அவன் பெயரை எழுதாத பட்டியல் ஊரிலேயே இருக்காது.

போன வாரம் ஊருக்குத் திறந்துவிட்ட பயிற்சிக்குப் போயிருந்தேன். இரண்டு ஹெல்மெட்டுகள் மோதிய சத்தம் நான் உட்கார்ந்திருந்த மேல்படி வரைக்கும் கேட்டது. மோதி விழுந்த டேனர் எழுந்துவிட்டான், எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த சுற்றுக்கு அணி கூடியபோது அவன் நேராகப் போய் எதிர்ப்பக்கத்தாரோடு தோளோடு தோள் நின்றான். அவனுக்கு மாற்றாக இருக்கும் லூதர் என்ற பையன்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தான். சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு ஒரே சிரிப்பு, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு மதியம் சாப்பிடும்போது கறியின் கொழுப்பை ஒதுக்கி வைத்தான், பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, "ஹேங்க் எங்கம்மா, காணோமே?" என்றான். மேரிபெத், நம் நாய் ஹேங்க் ஏப்ரலிலேயே செத்துப்போய்விட்டது, ஆப்பிள் மரத்தடியில் குழி வெட்டியதே அவன்தான். என் முகத்தைப் பார்த்து, சும்மா விளையாடினேன் என்று சிரித்தான். அப்பா எழுந்து போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா, அப்பாகிட்டகூட. டீம் டாக்டருக்குத் தெரிஞ்சா பெஞ்சுல உக்கார வச்சிடுவாங்க. எனக்கு இந்த ஒரு வருஷந்தாம்மா இருக்கு" என்று கெஞ்சினான். சரி என்று சத்தியம் செய்தேன். புத்தி கெட்டவள் நான்.

சத்தியத்தையும் காப்பாற்றி அவனையும் காப்பாற்றலாம் என்று ஒரு தந்திரம் செய்தேன். இடது ஓரத்துக்கு லூதர் பெயரை எழுதி உறையை ஒட்டினேன். உதவிப் பயிற்சியாளர் ப்ரூயிட் ஆட்டத்தன்று காலை காப்பிக்கு அந்தக் கடைக்குத்தான் வருவார், பெற்றவளே விட்டுவிட்டாளே, என்ன காரணம் என்று யோசிக்க மாட்டாரா என்று நினைத்தேன். இன்று காலை ஆஸ்ட்ராண்டர் என் பட்டியலை உரக்கப் படித்தார். லூதர் என்றதும் கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கைதட்டினார்கள்! "வெர்னாவே நம்ப ஆரம்பிச்சுட்டாய்யா!" என்று ஆஸ்ட்ராண்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பெற்றவர்கள் தம் பிள்ளையின் பெயரைப் பட்டியலில் எழுதினால் அவனுக்கு அடிபடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டே, அதற்காகத்தான் விட்டேனாம். நான் இத்தனை காலம் கேலி செய்த வழக்கம், அதனாலேயே அது என் நினைவுக்கே வரவில்லை. ப்ரூயிட் என் தோளில் தட்டி, "நல்ல காரியம் பண்ணீங்க. கவலைய விடுங்க, இன்னைக்கு மொத ஆளா உங்க பையன்தான் எறங்கறான்" என்றார். உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில். நான் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா மைதானத்து வாசலில் அடுப்பு மூட்டி, கறியும் பீன்ஸும் போட்ட சில்லி கிண்டிக்கொண்டிருக்கிறார், சின்னமன் ரோல் தட்டை நான் எடுத்துப் போக வேண்டும். மேளக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. ஒரு மணிக்கு ஆட்டம். நான் அப்பாவிடம் போகப் போவதில்லை, டாக்டர் அறைக்குப் போய் ஹேங்க்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு உன் தம்பி என் முகத்தில் விழிக்காமல் போகலாம். நீ கரைக்கு வந்ததும் உன்னைத்தான் கூப்பிடுவான், என்னைத் திட்டுவான். எனக்காக வாதாடாதே, திட்டட்டும். முதல்நாள் என்ன சாப்பிட்டான், என்ன மாதம் என்று பேச்சோடு பேச்சாக மட்டும் கேள், சொன்னதையே திரும்பச் சொல்கிறானா என்று கவனி.

கடவுள் உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காக்கட்டும். படகின் மேல்தட்டில் ஈரத்தில் ஓடாதே. என் பட்டியல் இன்னும் ஆஸ்ட்ராண்டர் கடைச் சுவரில்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு இருபத்திரண்டும் சரியாக வந்ததில்லை. இன்று இடது ஓரத்துக்கு எழுதிய அந்த ஒரு பெயரையாவது சரியாக்கிவிட்டு வருகிறேன்.

உன்னையும் அவனையும் பெற்ற அம்மா,
வெர்னா