மேல்மாடியில் மருத்துவ முகாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்ததா? பெல்மதுளையில் நான் நலம்.

நேற்று நான் கணக்கெழுதும் தேயிலைத் தொழிற்சாலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். வைத்த இடம், கொழுந்து வாட்டும் மேல்மாடி! அங்கேதான் காற்று வருமாம். காலில் உள்ள புண்ணைக் காட்டப் போன நான் ஊன்றுகோலோடு படியடியிலேயே நின்றேன்.

“கொழுந்துச் சாக்கு தூக்குற மெஷின்ல ஏத்திவிடட்டுமாங்க, கிளாக்கர் ஐயா?” என்று கங்காணி அழகமுத்து சிரித்தான்.

டாக்டர் இறங்கி வரவில்லை. துண்டுப்பிரசுரம் ஒன்றை அனுப்பிவைத்தார். தினமும் அரை மணி நேரம் நடந்தால் உடம்புக்கு நல்லதாம். இவர்களும் படித்தவர்கள்!

தம்பியிடம் சொல்லாதீர்கள். முன்பு வீட்டில் நான் ஊன்றுகோல் வழுக்கி விழுந்த அன்று அவன் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

புண் சிறியதுதான். கட்டுப்போட உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். தபால்காரர் அவசரப்படுத்துகிறார். இரண்டு சேலை இருந்தால், இரண்டையுமே அனுப்புங்கள்.

உங்கள் மகன்,
தியாகராஜா