நெடுங்கரைக்குச் சொற்பந்தல் வந்த வகை

மழை தப்பாது பெய்க. மக்கள் சொல் மெய்யாய் நிற்க.

கடல்முகம் தொடங்கிக் கருமலை அடிவாரம் மட்டும் குடைநிழல் விரித்துக் குவளைநாட்டைக் காத்துவரும் கோப்பெருமகள் நல்லினியாரின் ஆணைப்படி, கல்விக்கழகங்களையும் ஆட்டக்களங்களையும் மேற்பார்க்கும் மந்திரி நக்கன் சாத்தன், நெடுங்கரை ஊரவைத் தலைவர் காரி நாகனார்க்கு விடுக்கும் ஓலை. உம் ஏரி நிறைந்திருக்க. உம் மனையார் நலமே வாழ்க.

எட்டுக் கழகங்களின் பந்தணிகள் ஆண்டுப் போட்டியில் இறங்குமுன் ஒருநாள் ஓரூரில் கூடுவதும், அணித்தலைவர் ஒவ்வொருவரும் முரசறைவோர் முன் நின்று தம் அணியின் நிலையைத் தம் வாயால் உரைப்பதும், அவ்வுரையை முரசறைவோர் ஊர்தோறும் கொண்டுசெல்வதும் நீர் அறிந்தவையே. அச்சொற்பந்தலை இவ்வாண்டு எவ்வூரில் இடுவது என்னும் வழக்கு மூன்று திங்களாய் என் உயிரை வாங்கியது. தலைநகரத்தார் தங்களுக்கே அது வழிவழி உரியது என்றனர். சங்குமுனைத் துறைமுகத்தார் இருநூறு அறைகளும், வருவோர் அனைவர்க்கும் மரக்கலத்தில் ஓர் உலாவும் தருவதாகச் சொல்லி, என் வீட்டுக்கு இரண்டு கூடை இறாலும் அனுப்பினர். இறாலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மனம் வராமல்தான் அனுப்பினேன்.

உமது விண்ணப்பமும் வந்தது. நெடுங்கரையின் எண்பது அறைகளையும், நன்னீர்க் கிணறுகளையும், உம் ஊர் ஈன்ற வீரர் பதினால்வரையும் வரிசையாக எழுதியிருந்தீர். அவ்வரிசையை நான் மும்முறை படித்தேன். சென்ற ஆண்டு குன்றக் கழகத்து அணிக்குத் தலைமை தாங்கியவனும், உமக்கே மகனுமாகிய நாகன் கொற்றனின் பெயர் அதில் இல்லை.

ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். சென்ற சொற்பந்தலில் கொற்றன் எழுந்து, முந்தைய போட்டியின் இறுதி ஆட்டத்தில் பந்தை நழுவவிட்டவன் தானே என்றும், அத்தோல்வி தன்னுடையதே என்றும் சொன்னான். அந்த அளவிலே விருந்து மணி அடித்தது. மணி அடித்தபின் உரைத்த சொல் முரசில் ஏறலாகாது என்பது பந்தல் வழக்கு. முரசறைவோர் கேட்டவரையில் கொண்டுவந்து உம் ஊர்ச் சந்தியில் அறைந்தனர். ஒன்றைக் கேட்டவர் ஒன்பதாய்ப் பேசினர். கொற்றன் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்றே ஊர் முடிவுகட்டியது. அவன் நெடுங்கரை எல்லையை மிதிக்கலாகாது என்று அவை கூட்டி ஆணையிட்டவர் நீரே.

ஐயா நாகனாரே, அந்த மணியை அடித்தவன் நான்.

பாயசம் இறுகுகிறது என்று மடைப்பள்ளியார் மூன்று தரம் ஆள்விட்டார்கள். எனக்கும் நல்ல பசி. கயிற்றை இழுத்தேன், எல்லாரும் எழுந்து போனார்கள். அவன் மட்டும் நின்று மீதியைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் நடுவிலேயே தன் வலக்கை எலும்பு முறிந்துவிட்டது என்றான். மாற்று வீரன் காய்ச்சலில் கிடந்தான் என்றும், தானும் வெளியேறினால் ஆள் குறைந்த அணி ஆடி முடிக்காமலே தோற்றதாகும் என்பதால் முறிந்த கையோடு நின்றதாகவும் சொன்னான். கயிற்றருகே நின்ற நான் ஒருவனே அதைக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். பந்தலில் விடுபட்டதைப் பேசியவனே மறு பந்தலில் சொல்லவேண்டும் என்ற வழக்கைச் சாக்காக வைத்து ஓராண்டு வாய்மூடியிருந்தேன். வெட்கக்கேடு! வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இவை அனைத்தையும் கோப்பெருமகளாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர், கொற்றனின் மீதிச் சொல்லை முதலில் கேட்கவேண்டியவர் யாரோ அவர் ஊரிலேயே பந்தல் இடப்படுக என்று ஆணையிட்டார். உம் ஊர்ச் சாலை மழையில் சேறாகும் என்று தலைநகரத்தார் முறையிட்டபோது, தாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவதாகவும் மறுமொழி தந்தார். ஆகவே இவ்வாண்டுச் சொற்பந்தல் நெடுங்கரைக்கே உரியதாயிற்று. எண்பது அறை போதாவிடில் வீடுகளைத் திறந்துவிடுக.

ஆனால் கேளும். எல்லை விலக்கிய ஆணையை இவ்வோலை கண்ட அன்றே அவையில் நீக்குக. ஐப்பசி வளர்பிறைப் பத்தாம் நாள் காலை, பந்தலில் முதலில் பேசுபவன் கொற்றன். அவன் முடிக்கும்வரை ஊரவையார் அனைவரும் நின்று கேட்பார்களாக. நானும் அங்கு நின்று, என் பிழையை உம் ஊரார் முன் சொல்வேன்.

இவ்வோலையுடன் வண்டியில் வருவது அந்த மணிதான். அதை உம் கையாலேயே பந்தல் காலில் கட்டி, கயிற்றை உம் மகன் கையில் கொடும். அவனாக இழுக்கும்வரை கோப்பெருமகளார் உட்பட ஒருவரும் இலைமுன் அமரமாட்டார்கள். சோறு ஆறினால் ஆறட்டும்.

நல்லினியார் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு, ஆவணித் திங்கள், குவளைப்பூ முத்திரை பொறித்து விடுத்தது. இதில் கண்டபடியே செய்க.

முத்திரைக்குக் கீழே என் கைப்பட ஒரு வரி: அவன் கை இன்னும் முழுதாய்க் கூடவில்லை, நாகனாரே, கயிற்றைத் தாழக் கட்டும்.