சுவட்டுக்குள் ஒரு சுவடு

குரோம்பேட்டை
14 ஜூன் 1997

அன்புள்ள யக்ஞன் அண்ணாவுக்கு,

சாமுண்டீஸ்வரி எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் ஒரு கத்தல்: வந்துடுச்சு அண்ணா, வந்துடுச்சு!

ஆப்பிரிக்காவில் எரிமலைச் சாம்பலில் பதிந்து கிடந்த காலடிகள், முப்பத்தாறு லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று நம் ‘ஆதிநடை’ ஈமெயில் குழுவில் எல்லோரும் வாயைப் பிளந்தோமே, அதன் கட்டுரை, அளவுகள், படம் எல்லாமே கிடைத்துவிட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சும்மா இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்கள். ‘நீ எந்தக் காலேஜ்?’ என்று கேட்கவே இல்லை. பிளஸ் டூவோடு நின்ற என்னை அப்படிக் கேட்காத இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வெறும் சாம்பல். அப்புறம் ஒரு குதிகால். விரல்கள் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பப் போட்டால் திரும்பக் குதிகால். ஜெராக்ஸ் கடையில் நின்ற எங்கள் ஜெயவேலு அண்ணன், “இன்னா சாமு, யாரோ மெள்ள நட்ந்து வர்ற மாதிரி கீது. கஸ்டமர் பயந்துக்கப் போறான், மூடு அத்த” என்றது. நான் மூடவில்லை. மத்தியானம் விரல்களும் வந்தன. நம்ம காலேதான் அண்ணா! சத்தியமாக நம்ம கால்!

கட்டுரையை இன்றே குழுவுக்கு அனுப்பிவிட்டேன். படம் இறங்காதவர்களுக்கு அண்ணன் கடை மிஷினிலேயே ஜெராக்ஸ் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன். பதிலுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டாம்ப் பேட் மையில் காலை அழுத்தி, காகிதத்தில் பதித்து எல்லோரும் எனக்கு அனுப்ப வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்போம். பெயின்ட் வாங்கி, அந்தப் பாதையை அதே அளவில் எங்கள் மொட்டைமாடியில் வரையப் போகிறேன். முடித்ததும் நீங்கள் வந்து பார்க்கிறீர்கள். சேலையூரிலிருந்து குரோம்பேட்டை என்ன அமெரிக்காவா? வீல்சேரை மாடிக்குத் தூக்க அண்ணனும் அவன் சிநேகிதர்களும் இருக்கிறார்கள்.

தமிழ் ஃபான்ட்டில்தான் அடித்திருக்கிறேன். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சொல்லவும்.

உங்கள் தங்கை,
சாமு


சேலையூர்
17 ஜூன் 1997

அன்புள்ள சாமு,

கட்டம் எதுவும் இல்லை, உன் கத்தல் முழுசாகக் கேட்டது. வழக்கம் போல நான் சொல்ல, அம்மா அடிக்கிறாள். (நீ சின்னப் பெண்ணாம், இத்தனை ஆச்சரியக்குறி உடம்புக்கு ஆகாதாம். அம்மா சொல்கிறாள்.)

என் இடது காலின் பதிவு தபாலில் வருகிறது. சிரிக்கக் கூடாது. ஒரு நாளும் நிற்காத கால் அது. குதிகாலும் விரல்களும் ஒரே மாதிரி மெல்லிசாக விழுந்திருக்கும், காகிதத்தின் மேல் ஊதினது போல. அந்த முப்பத்தாறு லட்சம் வருஷத்துக் கால் என்னுடையதைவிட நன்றாக உழைத்திருக்கிறது. (“லோகநாயகி பெத்த கால் ஒண்ணும் மட்டமில்லை. மை போகத் தேய்ச்சதுல என் கைதான் போச்சு.” இதையும் அடித்தே தீருவேன் என்கிறாள்.)

கட்டுரையைக் கடைசி வரை படித்தாயா? பார்த்தால் இரண்டு வரிசை. ஒன்று சின்னக் கால், ஒன்று பெரிய கால். ஆனால் பெரிய சுவடுகளின் ஓரம் இரட்டையாக இருக்கிறதாம். மூன்றாவதாக ஒருவர், முன்னால் போனவரின் சுவட்டுக்குள்ளேயே காலை வைத்து நடந்திருக்கலாம் என்கிறார்கள். அந்த ஆளுக்கென்று தனியாக ஒரு சுவடு இல்லை. ஏன் அப்படி நடக்க வேண்டும்? இரண்டு நாளாக எனக்கு அதே யோசனை.

அம்மாவைக் கேட்டேன். “போனவா மேல உசிரா இருந்திருப்பா, வேற என்ன?” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள். அப்பா நாக்பூரிலிருந்து வந்தால் மாடி விஷயம் கேட்கிறேன். வர ஆசைதான்.

அன்புடன்,
யக்ஞன்


குரோம்பேட்டை
20 செப்டம்பர் 1997

அன்புள்ள அண்ணா,

உங்கள் மேல் கோபம். ஆடி முழுக்க ஒரு வரி இல்லை. குழுவில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். ஆவணியில் திடீரென்று வந்து, நான் அனுப்பிய தாடை எலும்புக் கட்டுரைக்கு ஒரு பக்கம் பதில் போட்டீர்கள். பிரமாதமான பதில், மறுக்கவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் பதிலே காணோம்.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் அம்மா எங்கே? முன்பெல்லாம் நடு நடுவே அடைப்புக்குறிக்குள் வந்து என்னைத் திட்டுவார்கள். இந்த ஒரு மாதமாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன், ஒரு அடைப்புக்குறி கூட இல்லை. எனக்கு என்னவோ வெறிச்சென்று இருக்கிறது.

பாதை பாதி வரைந்தாகிவிட்டது. பெரிய காலை வரையும்போது முதுகுப் பக்கம் யாரோ காத்திருக்கிற மாதிரி தோன்றுகிறது. திரும்பினால் வடாம் துணிதான். வலது கால் பதிவும் அனுப்புங்கள், ஜோடி சேரட்டும்.

சாமு


சேலையூர்
28 செப்டம்பர் 1997

அன்புள்ள சாமு,

அம்மா இருக்கிறாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

வலது கால் கேட்டாய். அனுப்பியிருக்கிறேன். கட்டுரைகளை நிறுத்தாமல் அனுப்பு. அவை வருகிற அன்று வீட்டில் பேச்சு இருக்கிறது. வராத நாளில் இல்லை.

யக்ஞன்


குரோம்பேட்டை
5 அக்டோபர் 1997

அண்ணா! அண்ணா! அண்ணா!

நீங்கள் நின்றுவிட்டீர்களா?

வலது கால் பதிவைப் பிரித்ததும் கடையிலேயே குதித்தேன். குதிகால் கருப்பாக ஆழமாக அழுந்தியிருக்கிறது. கட்டைவிரல் ஊன்றியிருக்கிறது. பித்தவெடிப்புக் கோடுகள்கூடத் தெரிகின்றன. உடம்பு முழுவதையும் தாங்குகிற கால் அது! இதைச் சொல்லாமலா மறைத்தீர்கள், திருட்டு அண்ணா? குழுவுக்கு எழுதிவிட்டேன். கோயம்புத்தூர் பொன்னுசாமி சார் அழுதுவிட்டேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மட்டும். இரண்டாவது விரலில், அடிப்பக்கம் சுற்றி, மை ஒட்டாமல் வெள்ளையாக ஒரு வளையம் இருக்கிறதே, அது என்ன? ரப்பர் பேண்ட் ஏதாவது மாட்டியிருந்தீர்களா?

புதுக் கட்டுரைகள் ஒரு கட்டு ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் அந்தப் பக்கம் வரும்போது வீட்டிலேயே கொடுத்துவிடும். நீங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஆனந்தத்தில் மிதக்கும்,
சாமு


குரோம்பேட்டை
9 நவம்பர் 1997

அன்புள்ள யக்ஞன் அண்ணாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு மாதம் போய்விட்டது. அதற்குள் உங்களிடமிருந்து நான்கு கடிதங்கள். எல்லாம் வழக்கம் போல.

அண்ணன் உங்கள் தெருவுக்கு வந்தது. ஜெராக்ஸ் கட்டைக் கொடுக்காமலே திரும்பி வந்து, வண்டியை ஸ்டாண்ட் கூடப் போடாமல் என்னைப் பார்த்துக் கத்தியது.

“இன்னா வூட்டுக்கு அனுப்சே என்னிய? பக்கத்து வூட்ல கேட்டா, அந்தப் புள்ள ஆடிலயே போய்ட்ச்சுன்றாங்க!”

“வேற வீட்டுக்குப் போயிருப்பே.”

“அட்ரஸ்ல இருக்கிற வூடுதான் சாமு. கதவு தொறந்து கீது. உள்ள ஒரு அம்மா கம்ப்யூட்டர் முன்னால குந்திகினு கீறாங்க. பக்கத்துல அந்தச் சக்கர நாற்காலி. காலி. அந்தம்மா அதுகிட்ட திரும்பி, ‘மெதுவாச் சொல்லுடா கண்ணா, நான் அடிக்க வேணாமா?’ன்றாங்க. கொஞ்ச நேரம் கேக்கறாங்க. தலைய ஆட்டறாங்க. அடிக்கிறாங்க. நான் வந்துட்டேன்பா.”

அண்ணனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். நான் அந்தப் பதிவை எடுத்து மறுபடி பார்த்தேன். வளையம் ரப்பர் பேண்ட் இல்லை. எங்கள் வீட்டிலும் அம்மா காலில் அதே இடத்தில் அதே வளையம். மெட்டி.

அண்ணா, பொய் சொல்லவில்லை, நான் பயந்தேன். ஒரு வாரம் மாடிக்கே போகவில்லை. அப்புறம் உங்கள் கடிதங்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். ஆடிக்கு முந்தியது எது, பிந்தியது எது என்று அந்த அடைப்புக்குறிகளைத் தவிர வேறு எதை வைத்தும் என்னால் சொல்ல முடியவில்லை. அவ்வளவு சரியாக உங்கள் அம்மா அடி வைத்திருக்கிறார்கள். காலே தனியாகத் தெரியவில்லை.

குழுவில் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் நின்றதாகவே இருக்கட்டும்.

பாதை முடிந்துவிட்டது. இரண்டு வரிசை. மூன்றாவது ஆளை வரைய என் கை வரவில்லை, அதற்கு நிஜக் கால் வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் அம்மாவை அனுப்பி வைப்பீர்களா? ஒன்றும் கேட்க மாட்டேன். காபி மட்டும் கொடுப்பேன்.

சாமு


சேலையூர்
12 நவம்பர் 1997

அன்புள்ள சாமு,

அம்மா வருவாள். நான் வரவில்லை.

வெயில் ஏறுவதற்குள் அவளை நடக்க வை. முட்டி வலி, சொல்ல மாட்டாள். கையைப் பிடித்துக்கொள். சுவட்டுக்குள்ளேயே காலை வைப்பாள், பழக்கம். பெரிய காலின் வரிசை முடிகிற இடத்தில் நீ நின்று கூப்பிடு. அங்கிருந்து மேலே வெறும் தரை, அவளாகத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும்.

இனிமேல் எனக்காக எழுத வேண்டாம் என்று பல தடவை சொல்லிவிட்டேன். கேட்க மாட்டேன் என்கிறாள். இதை அடிக்கும்போது கூட, கடைசி வரியை அடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அடிம்மா என்கிறேன்.

(காபியில் சர்க்கரை வேண்டாம்.)

யக்ஞன்